இரண்டு முழங்கையிலும் பிளாஸ்டர்

நெடுந்தீவு மயில்வாகனத்தின் மகள் கோசலா இருபத்தெட்டு வயதுவரைக்கும் தன் இரத்தத்தில் ஒரு துளியைக்கூடச் சோதனைக்குக் கொடுத்ததில்லை. இத்தனைக்கும் அவள் படித்தது ஆய்வுகூட விஞ்ஞானம். பல்கலைக்கழகத்து நாலு வருடத்திலும், பிறகு வேலை பார்த்த இரண்டு வருடத்திலும் எத்தனையோ பேரின் கையில் நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து, நோகாமல் ஊசி ஏற்றி இரத்தம் எடுத்தவள். தன்னுடைய முறை வரும்போது மட்டும் காய்ச்சல் வரும், விரதம் வரும், தலை சுற்றும், ஊருக்குப் போகப் படகு பிடிக்கவேண்டி இருக்கும். ஊசிக்குப் பயந்த பிள்ளை என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். அவளும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

யாழ்ப்பாணத்தில் அந்தப் பயிற்சி தொடங்கியபோது இனித் தப்ப முடியாது போலிருந்தது. இரத்த நோய்களில் ஆய்வு செய்ய இளம் ஆய்வாளர்கள் ஆறு பேரைத் தெரிந்தெடுத்து ஒரு வருடம் பழக்குகிற திட்டம் அது. ஆய்வுகூடத்தில் கண்டதைத் தாளில் எழுதி மூடிவைக்காமல் ஆளின் வீட்டுப் படலைவரைக்கும் எப்படிக் கொண்டுபோவது, படலையில் கேட்டதை எப்படி ஆய்வுகூடத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது என்பதுதான் படிப்பு. நடத்தியவர் ஞானசவுந்தரி என்ற இரத்தவியல் வைத்திய நிபுணர். கட்டையான மனுசி. அவருடைய செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டாலே கைத்தொலைபேசிகள் மேசைக்குக் கீழே போய்விடும். முதல் நாளே ஒரு விதி சொன்னார்.

"மற்றவையின்ரை இரத்தத்தைத் தொட முன்னம் உங்கடை இரத்தத்தைப் பாருங்கோ. இரண்டு இரண்டு பேராச் சேர்ந்து ஆளுக்காள் எடுங்கோ. ரியூப்பிலை பெயர் வேண்டாம். இலக்கம் காணும்."

கோசலாவுக்குச் சோடியாக வந்தவள் கரம்பொன் ஊர் றொஷானி. வாய் ஓயாதவள். கோசலா அவளுடைய கையில் ஒரு ரியூப் நிறைய எடுத்தாள். ஊசியைக் கழற்றாமல் இரண்டாவது ரியூப்பையும் மாட்டினாள்.

"எடி, அதென்ன ரெண்டு?"

"எனக்கு ஏலாதடி. தலை சுத்துது. ரெண்டையும் உன்ரை கையிலை எடுக்கிறன். இலக்கம்தானே, ஆருக்குத் தெரியப்போகுது?"

றொஷானி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் குத்துறவளுக்குத் தனக்குக் குத்தப் பயமாம். எடு, எடு. தேத்தண்ணியும் ரெண்டு பணிஸும் வாங்கித் தந்தாச் சரி."

அடுத்த நாள் டொக்டர் ஆறு பேரின் வரைபுகளையும் சுவரில் பெரிதாகக் காட்டினார். ஒருவரின் குருதிநிறமான ஈமோகுளோபினைப் பிரித்து மலைமுகடு போலக் கோடு வரையும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. கோட்டின் கடைசியில் வரும் சின்ன முகட்டைத்தான் பார்க்கவேண்டும். அதன் அளவு மூன்றரைக்கு மேலே போனால் அந்த ஆள் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயைக் காவுகிறவர், அதாவது காவி. "காவி எண்டா நோயாளி இல்லை," என்றார் டொக்டர். "நூறு வயது வரைக்கும் ஒண்டும் செய்யாது. ஒரு காவி இன்னொரு காவியைக் கலியாணம் முடிச்சாத்தான் வில்லங்கம். பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலிலை ஒரு பங்கு நோய் வரலாம்." ஆறு பேரில் ஒருவரும் காவி இல்லை. ஐந்தாம் இலக்கமும் ஆறாம் இலக்கமும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வரைந்தது போலிருந்தன. டொக்டர் அவற்றைக் கடந்து போய்விட்டார். றொஷானி மேசைக்குக் கீழே கோசலாவின் காலை மிதித்தாள். கோசலா காலை இழுத்துக்கொண்டு கொப்பியைப் பார்த்தாள்.

அவளுக்கு ஊசிப் பயமே இல்லை. அவளுடைய பயத்துக்குப் பெயர் சுஜிதன்.

சுஜிதன் அவளுடைய தம்பி. மூன்று வயது இளையவன். பிறந்து ஆறு மாதத்தில் வெளிறத் தொடங்கினான். தலசீமியா என்றார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கலண்டரில் மூன்று கிழமைக்கு ஒரு வட்டம். வட்டம் போட்ட நாளில் விடியவே தாய் மனோகரி அவனைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போவாள். கடலில் ஒரு மணித்தியாலம், குறிகட்டுவானிலிருந்து பஸ், பிறகு யாழ்ப்பாணத்தில் கட்டிலில் படுத்து வேறு ஆரோ ஒருவரின் இரத்தம் ஏறும்வரைக்கும் இருக்கவேண்டும். மூன்றாம் கிழமை முடிகிற நேரம் அவன் கதைப்பது குறையும். குசினிக்கும் முற்றத்துக்கும் இடையிலிருந்த இரண்டு படியில் முதலாம் படியிலேயே இருந்துவிடுவான். "அக்கா, இதிலை கொஞ்சம் இருப்பம்," என்பான், அவளும் களைத்துப்போனவள் மாதிரி. அவள் பக்கத்தில் இருப்பாள். அவன் மூச்சு வாங்குவதை எண்ணுவாள்.

அவனுக்குப் பதினொரு வயதானபோது ஆடி மாதத்தில் சோளகக் காற்று பேய் பிடித்தது போல அடித்தது. வட்டம் போட்ட நாளில் படகு ஓடவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஏற்கெனவே காய்ச்சலோடு இருந்தவன். மூன்றாம் நாள் காற்று கொஞ்சம் விட்டது. மாமன் மகன் நிசாந்தன், அப்போது பதினாறு வயதுப் பெடியன், சுஜிதனைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினான். படகு ஏறுவதற்கு முன்னமே தோளில் பாரம் கூடிவிட்டதென்று அவன்தான் முதலில் உணர்ந்தான். ஒருவருக்கும் சொல்லாமல் இன்னும் பத்து அடி நடந்தான்.

ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது. மயில்வாகனத்தின் பக்கத்து இரத்தம் சரியில்லையாம். அந்தப் பரம்பரையில் முந்தியும் ஒரு பிள்ளை வெளிறிச் செத்ததாம். மயில்வாகனம் அதைக் கேட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய் வந்தார். மனோகரி அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். ஆனால் அலுமாரியின் மூன்றாம் தட்டில் கூறைச் சேலைக்குக் கீழே சுஜிதனின் ஆஸ்பத்திரிக் காட் ஒன்று இருந்தது. கோசலா பதினேழு வயதில் அதைக் கண்டாள். தாயும் காவி, தகப்பனும் காவி என்று அதில் எழுதியிருந்தது. எழுதித்தான் ஆகவேண்டும், ஒரு பக்கத்தால் மட்டும் இந்த நோய் வராது. அம்மா தன் பிறந்த வீட்டுக்கு அதை மறைத்துவிட்டாள் என்பதும் அவளுக்கு அன்றைக்கே விளங்கியது. சேலை மடிப்புக் குலையாமல் காட்டை இருந்த இடத்தில் வைத்தாள். பிறகு அந்த அலுமாரியைத் தாய் திறக்கும்போதெல்லாம் எழும்பி வெளியே போய்விடுவாள்.

போன தையில் அம்பலவாணர் மாமா வெற்றிலையோடு வந்தார். மனோகரியின் சொந்தத் தமையன். நிசாந்தனுக்குக் கோசலாவைக் கேட்டார். மச்சான் மச்சாள், உரித்துக் கலியாணம், கேட்காவிட்டால்தான் ஊர் கதைக்கும். கடல்தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் நிலையத்தில் இயந்திரம் பார்க்கிற நல்ல பெடியன், குடி இல்லை. கோசலாவுக்கும் அவனைச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். மனோகரி தமையனின் முகத்தைப் பார்த்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். "அண்ணை விருப்பமெண்டா எங்களுக்கென்ன," என்றாள். ஆவணியில் நாள் வைத்தார்கள்.

அன்றிரவு கோசலா ஒரு தாளில் கணக்குப் போட்டாள். தான் காவியாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. நிசாந்தனுக்கு நாலில் ஒரு பங்கு. இரண்டு பேரும் காவியாகிப் பிள்ளையும் நோயோடு பிறக்க இருபத்துநாலில் ஒன்று. வேறு யாரும் கேட்டிருந்தால் பயப்படாதேங்கோ என்று அவளே சொல்லியிருப்பாள். ஆனால் அந்த ஒன்று குசினிப் படியில் இருந்து மூச்சு வாங்கியதை அவள் கண்டவள். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்குக் கனம் நரம்புக்குள் ஓடியது. அதனால் ஒரு வழி யோசித்தாள். நிசாந்தனைச் சோதித்தால் போதும். அவன் காவி இல்லையென்றால் தன் கையை நீட்டவே தேவையில்லை. அம்மாவின் காட்டும் சேலைக்குக் கீழேயே கிடக்கட்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பயிற்சியின் பகுதியாக நெடுந்தீவில் இரத்தச் சோதனை முகாம் ஒன்று வைக்கத் தீர்மானமாயிற்று. ஆறு பேரும் ஆளுக்கொரு ஆய்வுக் கேள்வி எழுதிக் கொடுக்கவேண்டும். தீவகத்து ஆட்கள் இந்தச் சோதனைக்கு ஏன் வருவதில்லை என்பது கோசலாவின் கேள்வி. படகு வசதி இல்லாததால் என்று காரணமும் எழுதியிருந்தாள். டொக்டர் அதைச் சிவப்புப் பேனையால் சுற்றி, "உமக்கு எப்பிடித் தெரியும்? கேட்டனீரோ?" என்று பக்கத்தில் எழுதிக் காட்டிவிட்டுத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

கோசலா நிசாந்தனைத் தொலைபேசியில் அழைத்தாள். "மச்சான், முகாமுக்கு வந்து இரத்தம் குடுங்கோ. ஆக்கள் குறைவெண்டா டொக்டர் எங்களைத்தான் ஏசுவா."

அந்தப் பக்கத்தில் இயந்திரம் ஒன்றை நிறுத்துகிற சத்தம் கேட்டது. "வாறன்," என்றான் நிசாந்தன்.

ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை பாடசாலை மண்டபத்தில் முகாம் நடந்தது. சொந்தக்காரரிடம் இரத்தம் எடுக்கக்கூடாது என்பது டொக்டரின் இன்னொரு விதி. நெடுந்தீவில் பாதிப் பேர் கோசலாவுக்கு ஏதோ ஒரு முறை. அதனால் அவளைப் பின் அறையில் விட்டார்கள். நாலு மேசைகளிலிருந்தும் வருகிற ஊதா மூடி ரியூப்புகளைப் பெயர் பார்த்துக் குளிர்பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்பலவாணர் நிசாந்தன் என்று எழுதிய ரியூப் அவள் கைக்கு வந்தது. இன்னும் சூடாக இருந்தது. அதை ஒரு கணம் பொத்திப் பிடித்திருந்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். எட்டிப் பார்த்தபோது மண்டபத்தில் அவனைக் காணவில்லை. வேலைக்கு அவசரமாகப் போயிருப்பான் என்று நினைத்தாள். அன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் கொடுத்தார்கள்.

திரும்பும்போது கடல் கொந்தளித்தது. கோசலா பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். படகில் கயிறு எறிந்து கட்டுகிறவன் மிரோஜன், யாக்கோப்புவின் மகன், நிசாந்தனின் இணைபிரியாத கூட்டாளி.

"என்ன பிள்ளையள், எங்கடை இரத்தத்தை உறிஞ்சி முடிச்சாச்சோ?" என்றான். "நெடுந்தீவாரின்ரை இரத்தம் கொஞ்சம் உப்பாத்தான் இருக்கும். பாத்துக் குடியுங்கோ."

அவன் கயிற்றை இழுக்கக் கையை உயர்த்தியபோது றொஷானிதான் கண்டாள். "அண்ணை, அதென்ன ரெண்டு முழங்கையிலையும் பிளாஸ்டர்?"

மிரோஜன் கையைக் கீழே போட்டான். "ஒரு கையிலை வரேல்லை எண்டு மற்றக் கையிலையும் குத்தினவை தங்கச்சி."

"என்ரை மேசைக்கு வந்திருந்தா ஒரே குத்திலை எடுத்திருப்பன். ஆர் அந்தக் கைநடுங்கி?"

"அந்தப் பிள்ளையைப் பேசாதேங்கோ. கடலிலை நிக்கிறவன்ரை தோல் சுறாத் தோல்," என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கோசலாவும் சிரித்தாள்.

வியாழக்கிழமை முடிவுகள் வந்தன. நிசாந்தனின் தாளை அவள் முதலில் தேடி எடுத்தாள். இரண்டு தசம் ஏழு. காவி இல்லை. தாளைத் திரும்பவும் பார்த்தாள். இரண்டு தசம் ஏழுதான். கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு முகத்தில் தண்ணீர் அடித்தாள். கண்ணாடியில் சிரிக்கிற ஒரு பெண் தெரிந்தாள். பதினான்கு வருடத்துப் பாரம் இறங்கியது என்று நினைத்தாள். அந்த நினைப்பு மத்தியானம்வரைதான் இருந்தது.

முடிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அடியில் ஒப்பம் வைக்கிற பொறுப்பும் அவளுக்குத்தான். நிசாந்தனின் கோட்டில் நடுவிலே ஒரு சின்னக் கும்பி இருந்தது. மணல் குவித்தது போல. தீங்கில்லாத ஒரு வேறுபாடு, ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் என்று புத்தகம் சொல்லியது. எண்பத்துநாலாவது தாளைத் திருப்பியபோது அதே கும்பி. அதே இடம், அதே உயரம். வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அதே. மற்ற நிரல்களும் அப்படியே. பெயரைப் பார்த்தாள். யாக்கோப்பு மிரோஜன்.

சொந்தக்காரருக்கு இப்படி ஒரே கும்பி வரலாம். வெளியூரில் இருந்து வந்த ஆள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பான். ஆனால் அம்பலவாணர் வீட்டுக்கும் யாக்கோப்பு வீட்டுக்கும் எந்தக் காலத்திலும் கொண்டு கொடுப்பு இல்லை என்று கோசலாவுக்குத் தெரியும். ஒன்று தோட்டக்காரச் சைவக் குடும்பம், மற்றது கடலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். கயிற்றை இழுத்த இரண்டு முழங்கைகளும் கண்ணுக்கு முன்னே வந்தன. ஐந்தாம் இலக்கமும் ஆறாம் இலக்கமும் வந்தன. இந்த வேலையைச் செய்தவளுக்குத்தான் இந்த வேலை தெரியும்.

நிசாந்தனின் பெயரில் கை நீட்டியது மிரோஜன். நிசாந்தன் ஏன் கொடுக்கவில்லை? தெரிந்துதான் கொடுக்காமல் விட்டானா? அவள் ஒப்பம் வைத்தால் போதும், காவி இல்லை என்று ஒரு தாள் மாமா வீட்டுக்குப் போகும். இன்னும் ஐந்து கிழமையில் கலியாணம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் ஒரு பிள்ளை ஆறாம் மாதத்தில் வெளிறத் தொடங்கும்.

"என்னடி, பேயைக் கண்டனியோ?" என்றாள் றொஷானி, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து. இரண்டு தாள்களையும் கண்டதும் அவளுடைய சிரிப்பு நின்றது. "அந்த ரெண்டு பிளாஸ்டர்... எடி, இது உன்ரை ஆள் எல்லோ?"

கோசலா இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தாள்.

"அண்டைக்கு நீ என்ரை கையிலை ரெண்டு எடுத்தது ஊசிப் பயத்திலை இல்லை, என்ன?"

"இல்லை."

றொஷானி கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தாள். "எனக்குத் தெரிஞ்சிருந்தாப் பணிஸுக்குக் குடுத்திருக்க மாட்டன்," என்றாள். அது பகிடி இல்லை.

சனிக்கிழமை கோசலா குறிகட்டுவான் துறைக்குப் போனாள். அவனை அங்கே வரச் சொல்லியிருந்தாள். காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. படகிலிருந்து நிசாந்தன் இறங்கி வந்தான். மிரோஜன் இவர்களைக் கண்டுவிட்டு, ஏற்கெனவே கட்டிய கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டத் தொடங்கினான்.

"முடிவு வந்திட்டுது," என்றாள்.

"என்னவாம்?"

"உங்களுக்கும் மிரோஜன் அண்ணைக்கும் ஒரே இரத்தம் ஓடுதாம். உங்கடை வீட்டார் எப்ப மச்சான் யாக்கோப்பு வீட்டிலை பெண் எடுத்தவை? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

நிசாந்தன் கடலைப் பார்த்தான். கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் குனிந்த தலை நிமிராமல், "நான் அப்பவே சொன்னனான், உந்தப் பிள்ளை படிச்ச பிள்ளை எண்டு," என்றான்.

"நீ வாயைப் பொத்தடா."

"நான் ரெண்டு கையையும் குடுத்தனான். வாயையும் குடுக்கட்டோ?" என்றவன் அவர்களுடைய முகங்களைப் பார்த்துவிட்டுப் படகின் மறுபக்கம் போனான்.

நிசாந்தன் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்தான். வேர்வையில் ஊறி மடிப்புகள் கிழிந்திருந்தன. போன வருடம் இரத்ததானத்துக்குப் போனபோது கொடுத்தது. சிவப்புக் கலங்கள் சிறிதாக இருக்கின்றன, தலசீமியாச் சோதனை செய்யவும் என்று எழுதியிருந்தது.

"ஒரு வருசமா இதை வைச்சுக்கொண்டு திரியிறியளோ?"

"எறிய ஏலேல்லை. போகவும் ஏலேல்லை." அவன் துண்டை அவளிடமிருந்து வாங்கினான். "போனாத் தெரிஞ்சிடும் கோசலா. தெரிஞ்சா உம்மைக் கேக்க ஏலாது. சுஜியைத் தூக்கிக்கொண்டு போனது நான். இந்தத் தோளிலைதான். எனக்கு உம்மையும் விட ஏலாது, அதை இன்னொருக்காத் தூக்கவும் ஏலாது. என்ன செய்யிறதெண்டு தெரியாமல் அவனை அனுப்பினனான்."

அவள் ஏசத்தான் வந்தாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்தவள்.

"நானும் குடுக்கேல்லை," என்றாள்.

"என்னது?"

"பயிற்சியிலை. றொஷானியின்ரை கையிலை ரெண்டு எடுத்தனான். இண்டைவரைக்கும் என்ரை இரத்தத்தை நான் பாக்கேல்லை. அம்மாவும் காவி மச்சான். உங்கடை பக்கத்திலையும் இருக்கு. அப்பாவை மட்டும் சொன்னது பொய்."

நிசாந்தனுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, பாதியில் நின்றுவிட்டது. "ரெண்டு பேருக்கும் இருந்தா?"

"இருந்தாக் கலியாணம் இல்லை."

சொன்ன பிறகுதான் அதைச் சொன்னது தான்தான் என்று அவளுக்கே தெரிந்தது. காற்று ஒருகணம் விட்டது போலிருந்தது. அவன் கையிலிருந்த துண்டைத் திரும்பவும் நாலாக மடித்தான்.

"ஓம்," என்றான். "திங்கக்கிழமை வாறன்."

திங்கட்கிழமை காலை கோசலா டொக்டரின் அறைக்குப் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முதல் கிழமை, முகாம், இரண்டு பிளாஸ்டர். ஞானசவுந்தரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஐஞ்சும் ஆறும் ஒரே மாதிரி இருந்தது. நான் சுவரிலை போட்டுக் காட்டினனான். எனக்கு விளங்கேல்லை. அது என்ரை பிழை." பிறகு குரல் உயர்ந்தது. "உம்மடை பிழை என்னெண்டு தெரியுமோ? நூற்றுப் பன்னிரண்டு பேரின்ரை முடிவையும் இப்ப நான் நிறுத்தவேணும். அடையாள அட்டை பார்த்துத் திரும்ப எடுக்கவேணும். ஆருக்குப் பதிலா ஆர் கையைக் குடுத்தவை எண்டு ஆருக்குத் தெரியும்? அந்தச் சனத்திட்டை ஆர் போய்ச் சொல்லுறது?"

"நான் போறன் டொக்டர்."

"நீர்தான் போவீர். வீடு வீடாப் போவீர். ஏன் ஒளிச்சவை எண்டு கேட்டு எழுதிக்கொண்டும் வருவீர். படகு இல்லையாம், படகு!" அந்தச் சிவப்பு வட்டம் போட்ட தாளை இழுத்தெடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். "இப்ப சட்டைக் கையைச் சுருட்டும்."

அவளுக்கு டொக்டரே எடுத்தார். நிசாந்தனுக்கு றொஷானி எடுத்தாள். அடையாள அட்டையை இரண்டு தரம் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொட்டாள். "ஒரு கை போதும் அண்ணை, மற்றதை மடிச்சு வையுங்கோ," என்று சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

இயந்திரம் ஓர் ஆளுக்கு ஆறு நிமிடம் எடுக்கும். முதலில் அவனுடையது. கோடு திரையில் எறும்பு ஊர்வது போல வந்தது. பெரிய முகடு ஏறி இறங்கியது. கடைசிச் சின்ன முகடு எழும்பத் தொடங்கியபோது அது நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி உயரமாகப் போவது கோசலாவுக்குக் கண்ணாலேயே தெரிந்தது. ஐந்து தசம் மூன்று.

காவி.

நிசாந்தன் கதிரையில் அசையாமல் இருந்தான். பிளாஸ்டர் ஒட்டிய கையை மற்றக் கையால் பொத்தியிருந்தான். அவன் எழும்பிப் போய்விடுவானோ என்று அவள் பயந்தாள். போகாமல் இருந்ததும் பயமாகத்தான் இருந்தது. இரண்டாவது ரியூப்பை இயந்திரம் உள்ளே இழுத்தது. இன்னும் ஆறு நிமிடம். பதினான்கு வருடமாக ஒளித்து வைத்தது அந்தக் கண்ணாடிக்குள்ளே உருண்டுகொண்டிருந்தது. அவள் சுவரைப் பார்த்தாள், குளிரூட்டியின் இலக்கத்தைப் பார்த்தாள், தன் செருப்பைப் பார்த்தாள். கண்ணை மூடினால் குசினிப் படி வந்தது. அக்கா, இதிலை கொஞ்சம் இருப்பம்.

றொஷானியின் நகம் அவள் கையில் பதிந்தது. "எடி, பார்."

இரண்டு தசம் எட்டு. கலங்களின் அளவும் சரி. எல்லாம் சரி.

"உமக்கு இல்லை," என்றார் டொக்டர். "அவருக்கு இருக்கு. கலியாணத்துக்குத் தடை இல்லை. பிள்ளையள் காவியாகலாம், நோய் வராது. வளர்ந்த பிறகு சோதிச்சுப் போட்டுக் கலியாணம் பேசுங்கோ, அவ்வளவுதான்."

நிசாந்தன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின. கோசலா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"டொக்டர், இன்னொருக்கா ஓட்டிப் பாப்பமோ?"

"ஏன்?"

"ரியூப் மாறியிருந்தா?"

"என்ரை கையாலை எடுத்தனான் பிள்ளை."

திரும்பவும் ஓட்டினார்கள். அதே கோடு வந்தது. அம்மாவிடம் ஒரு நல்லதும் ஒரு பழுதும், அப்பாவிடமும் அப்படியே. அவளுக்கு இரண்டு பேரிடமிருந்தும் நல்லது வந்திருந்தது. தம்பிக்கு இரண்டு பேரிடமிருந்தும் மற்றது போயிருந்தது. ஒரே வீடு, ஒரே கோப்பை. அவளிடம் அதில் ஒரு துண்டுகூட இல்லை. இத்தனை வருடமும் தனக்குள்ளே தம்பியின் ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் அவள் பயந்துகொண்டிருந்தாள். அது இல்லை என்றதும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

தாழ்வாரத்துக்குப் போய் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தாள். முதல் மணியிலேயே மனோகரி எடுத்தாள்.

"அம்மா, நான் சோதிச்சனான். மச்சானும் வந்து குடுத்தவர்."

அந்தப் பக்கத்தில் ஏதோ பாத்திரம் கீழே வைக்கிற சத்தம்.

"அவருக்கு இருக்கு. எனக்கு இல்லை. கலியாணம் செய்யலாமாம்."

"உனக்கு இல்லையோ?"

"இல்லை."

"ஒண்டுமே இல்லையோ?"

"ஒண்டுமே இல்லை அம்மா."

தாய் சந்தோசத்தில் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். வந்தது வேறு குரல். "அப்ப அவனுக்கு மட்டும்தான் வந்ததோ பிள்ளை," என்றாள் மனோகரி. "அவன் ஒருத்தனுக்குத்தானோ."

கோசலா சுவரில் சாய்ந்துகொண்டாள். தாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"நிசாந்தனுக்கு எப்பிடி வந்தது எண்டு அண்ணை கேப்பார், என்ன?"

"கேப்பார்."

"உன்ரை அப்பாவை இவ்வளவு காலமும்..." அவள் நடப்பது கேட்டது. ஒரு கதவு கிறீச்சிட்டது. கோசலாவுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

"அந்தக் காட் எங்கை வைச்சனான் எண்டு உனக்குத் தெரியுமோ?"

கோசலா கண்ணை மூடினாள். "மூண்டாம் தட்டிலை, அம்மா. கூறைச் சேலைக்குக் கீழை."

எப்படித் தெரியும் என்று தாய் கேட்கவில்லை. சேலை சரசரத்தது.

"எடுத்திட்டன் பிள்ளை."

"கையிலை வைச்சிருங்கோ அம்மா."

"அப்பா தோட்டத்தாலை வரட்டும். அவரையும் கூட்டிக்கொண்டு அண்ணை வீட்டை போறன்," என்றாள் மனோகரி. "நீ போனை வைக்காதை. அவர் வருமட்டும் இதிலை இரு."